பட்டியலில் விடுபட்ட ஆயா

அக்கா,

இன்று காலை அலுவலகத்தில் புதுக் கார்பன் பேப்பர் கட்டு ஒன்றைப் பிரித்தேன். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். உங்களை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது. ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மாலையை வைத்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டேன். நான் பேச வேண்டியிருந்தது உங்களிடம்தான்.

அரசு வக்கீல் அலுவலகத்தில் நீங்கள் டைப்பிஸ்ட், நான் வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. டைப் அடிக்கும்போது நீங்கள் விரல்களைப் பார்க்க மாட்டீர்கள், எழுத்தைப் படிப்பீர்கள். “படிக்காம அடிக்கிறதுக்கு மெஷினே போதுமே தம்பி” என்பீர்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றையும் கிளப்பியது.

தொம்மலூர் முனியனின் வழக்கு. விறகு டிப்போவில் கட்டை பிளந்துகொண்டிருந்தவன். முதலாளியோடு வாய்ச்சண்டை, வேலை போயிற்று. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் டிப்போ பற்றி எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவல்காரருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. முனியனைப் பிடித்தார்கள். அவன் எங்கள் அடுத்த தெரு. அதை அலுவலகத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாட்சிகள் ஏழு பேர் என்று முதல் பட்டியலை நீங்கள்தான் அடித்தீர்கள். ஏழாவது, பிரசவ ஆஸ்பத்திரி ஆயா. டிப்போ எரிந்த அன்று மதியம் முதல் விளக்கேற்றும் வரை முனியன் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்திருந்தான், அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்ததை நானே போய்ச் சொன்னேன் என்று போலீசிடம் சொல்லியிருந்தாள். அரசு வக்கீல் அந்த வாக்குமூலத் தாளைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இது நமக்கு ஒதவாது. எடுத்து வேற கட்டுல வெச்சிடு” என்றார். எடுத்தேன். பழைய வழக்கொன்றின் கட்டுக்குள் செருகினேன்.

மறுநாள் புதுப் பட்டியல் உங்கள் மேசைக்கு வந்தது. நீங்கள் பழைய பட்டியலின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

“ஏழு பேரு ஆறு பேரா எப்படி தம்பி ஆனாங்க?”

“எனக்குத் தெரியாதுக்கா. குடுத்தத அடிங்க.”

முனியனுக்கு வக்கீல் வைக்க வழியில்லை. கோர்ட்டே ஒருவரை நியமித்தது, புதியவர். ஆயாவோ அதற்குள் குடியாத்தம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று முனியன் கூண்டில் நின்று கத்தியதை யாரும் நம்பவில்லை. ஆறு வருடக் கடுங்காவல். அவன் மனைவி கைக்குழந்தையோடு கோர்ட் வராந்தாவில் நின்றாள். நான் வேறு வாசல் வழியாக வெளியேறினேன்.

நீங்கள் அரசாங்கத்துக்கு மனு எழுதினீர்கள். சொந்தப் பெயரில், சொந்த விலாசத்தில். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினீர்கள். முனியனை விடச் சொன்னது பாதிதான். மறுபாதி, அரசு வக்கீல்களின் நடத்தையை விசாரிக்க அவர்களோடு சம்பந்தமில்லாத ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது.

“போலீஸ்காரன் அடிச்சா அவன் மேலதிகாரிகிட்ட போலாம். ஜட்ஜு தப்பா தீர்ப்பு சொன்னா மேல்கோர்ட்டு இருக்கு. இவரு பேப்பர மறைச்சா யார்கிட்ட போறது? சொல்லுங்க தம்பி.”

“வேணாங்க்கா. உங்க வேலை டெம்பரரி.”

“முனியனுக்கு ஜெயிலு டெம்பரரியா?”

மூன்று வாரத்தில் மனு எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. யார் மேல் புகாரோ அவரே கருத்துச் சொல்லித் திருப்பி அனுப்பவும் என்று மேலே ஒரு சீட்டு. அரசு வக்கீல் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உங்களை உள்ளே அழைத்து, எதிரே உட்காரவைத்து, உங்கள் மனுவுக்கான பதிலை உங்களையே எழுதிக்கொள்ளச் சொன்னார். ‘மனுதாரர் மனக்குழப்பம் உள்ளவர். அப்படி ஒரு வாக்குமூலம் இந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை.’ சுருக்கெழுத்தில் எடுத்து, வெளியே வந்து, ஒரு பிழையில்லாமல் அடித்தீர்கள். கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது நானும் உள்ளே நின்றிருந்தேன்.

“சார், ரெண்டாவது பாராவுல இருக்கிறது உண்மை இல்ல” என்றீர்கள்.

அவர் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “இன்னாப்பா, அப்படி ஒரு பேப்பர் வந்துச்சா?”

“இல்ல சார்.”

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஆறியிருப்பேன். எனக்காகப் பயந்தவர் போலப் பார்த்தீர்கள். மாதக் கடைசியில் உங்கள் வேலை போயிற்று.

எனக்குத் தூக்கம் போயிற்று. முனியனின் தெருவைத் தவிர்க்கச் சுற்றிக்கொண்டு போவேன். ஒருநாள் சுற்றியும் அவன் மனைவி எதிரே வந்துவிட்டாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது. அடுத்த வாரமே அந்தத் தாளை எடுத்து, பெயரில்லாத உறையில் போட்டு, முனியனுக்குக் கோர்ட் நியமித்திருந்த அப்பீல் வக்கீலுக்குத் தபாலில் அனுப்பினேன். ஆயாவைத் தேடிப் பிடித்து வந்து விசாரித்தார்கள். முனியன் விடுதலையானான். தாள் எங்கே போயிருந்தது என்று தீர்ப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. யாரும் கேட்கவில்லை. கேட்பது யாருடைய வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொன்னதில்லை. விடுதலையான நான்காம் நாள் முனியன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். பெரிய ஐயாதான் மனம் இரங்கி விட்டுவிட்டார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குழந்தையை அரசு வக்கீலின் காலடியில் உட்காரவைத்தான். “சாமி, நீங்க நல்லா இருக்கணும்” என்றான். அவர் குனிந்து குழந்தையின் தலையைத் தொட்டார். “போ, இனிமே ஒழுங்கா இரு” என்றார். நான் மூன்றடி தள்ளி, கையில் ஒரு கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருமுறை விவேக் நகர் கோயில் வாசலில் உங்களைப் பார்த்தேன். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னீர்கள். முனியன் வெளியே வந்தது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

“அந்தப் பேப்பர யாரு அனுப்பினாங்கன்னு தெரியுமா தம்பி?”

“தெரியலக்கா.”

“யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா பேரப் போட்டு அனுப்பியிருக்கலாம். முனியன் ஒருத்தன் வெளிய வந்துட்டான். இன்னிக்கு அங்க எந்தப் பேப்பர எடுத்து வெக்கிறாங்களோ!”

பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டீர்கள். நீங்கள் ஊகித்துத்தான் கேட்டீர்களா என்று இன்றுவரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

அந்த அரசு வக்கீல் பெரிய பதவிக்குப் போய், மரியாதையோடு ஓய்வு பெற்றார். நான் இப்போது தலைமைக் குமாஸ்தா. அரசு வக்கீல்கள் மேல் வரும் புகார்கள் இன்றும் அதே சீட்டோடு அவர்களிடமே வருகின்றன. பதில்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. எத்தனை அனுப்பிவிட்டேன், அக்கா.

உங்கள் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். ‘ஆயாவின் வாக்குமூலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அதைக் கட்டிலிருந்து எடுத்தவன் நான். எடுக்கச் சொன்னவர் அரசு வக்கீல்.’ கீழே என் முழுப் பெயர், பதவி, கையெழுத்து. உறையிலும் போட்டு ஒட்டிவிட்டேன். ஒன்பது நாளாக அது என் பையிலேயே இருக்கிறது. யார் பெயருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.