அருவிக் குழியில் கிடந்த கல்

காலையிலிருந்து அடுக்களை மாடத்துக் கல் வியர்த்துக்கொண்டிருக்கிறது மதினி. மழை நெருங்கினால் அது அப்படித்தான். முந்தானையால் துடைக்கிறேன். மறுபடி ஈரமாகிவிடுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஆறு முழங்கால் அளவுதான் ஓடும். கொஞ்ச தூரத்தில் அருவியாக விழுந்து, செங்குத்தான இரண்டு பாறைகளின் இடுக்குக்குள் இறங்கிவிடும். உச்சிவெயில் மட்டும்தான் அதற்குள் எட்டிப்பார்க்கும். ஆறு வெளியே வரும் திருப்பத்தில் ஒரு மணல்திட்டு. விறகு, செருப்பு, செத்த கன்று, மேலே எது விழுந்தாலும் இரண்டு மூன்று நாளில் அங்கே ஒதுங்கிவிடும்.

அக்கரையில் கொழுந்தெடுக்க, அருவிக்கு மேலே கல் தாண்டித்தான் போவோம். அன்று நம் பக்கம் நல்ல வெயில். "ஏட்டி, சேலையத் தூக்கிச் சொருகு. கல்யாணப் பொண்ணு கணக்கா நடக்கியே" என்று கேலி செய்தபடி முன்னால் போனீர்கள். மலை உச்சியில் மழை கொட்டியது நமக்குத் தெரியாது. தண்ணீர் சட்டென்று சிவந்தது. கரையிலிருந்து நான் கத்துவதற்குள் மார்பளவு ஏறிவிட்டது.

மறுநாள் உங்கள் கூடை திட்டில் ஒதுங்கியது. நீங்கள் வரவில்லை. அண்ணன் அந்த மணலை விட்டு எழவே இல்லை. வண்டிப்பெரியாரிலிருந்து வந்த உங்கள் அப்பா, கல் ஊன்றிக் கருமாதியை முடித்துவிடலாம் என்று அழுதார். "ஆத்துல போனதெல்லாம் இங்கதான மாமா வருது? அவ மட்டும் வராமலா இருப்பா?" என்றார் அண்ணன்.

சில வருடம் கழித்து, மேலே அணை கட்டி ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பினார்கள். அருவி வற்றிய கோடையில் அண்ணனும் நானும் கயிறு கட்டி இடுக்கில் இறங்கினோம். அருவி விழுந்த இடத்தில் கிணறு போல ஒரு குழி. அடியில் தண்ணீர் சுழற்றிச் சுழற்றித் தேய்த்த உருண்டைக் கற்கள். வேறு ஒன்றுமே இல்லை. அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கயே வச்சு அரைச்சிருச்சு" என்றார்.

அதில் ஒரு கல்லை வேட்டியில் முடிந்து வந்தார். அதை ஊன்றித்தான் உங்களுக்குக் கருமாதி நடந்தது. காரியம் முடிந்ததும் கல்லை ஆற்றில் விடுவது நம் வழக்கம் இல்லையா? அண்ணன் கொடுக்கவில்லை. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணனும் போய்விட்டார். "அவள ஆத்துல விட்டுறாத தாயி" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. என் பிள்ளைகளுக்கு இது வெறும் கல். எனக்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

மழை பிடித்துவிட்டது. அணையைத் திறந்துவிட்டார்களாம், கீழே அருவி இரைகிறது. கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன் மதினி.