நின்றுபோன இன்வெர்ட்டர்

ஆடி 12, ஞாயிறு. தென்காசி.

சாரல் விட்டு நல்ல வெயில். ஆராய்ச்சிக்காக மதினி வீட்டு மாடியில் நான் வைத்திருக்கும் சோலார் இன்வெர்ட்டர், மதியம் ஊரில் கரண்ட் போனதும் நான் அமைத்திருந்தபடியே தானாக நின்றது. ஃபேன் நின்றதற்குக் கைதட்டியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"வெயிலு இந்தப் போடு போடுது, ஃபேன் ஓடலியே. இதுக்கா இத்தன வருசம் படிச்சீய தம்பி?" என்றார் மதினி.

"கம்பத்துல ஆள் ஏறியிருப்பாங்க மதினி. இது நிக்கலேன்னா இங்கன இருந்து போற கரண்ட் அவங்கள அடிச்சிரும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மதினியின் கணவர், லைன்மேனாக இருந்த என் அண்ணன், இறந்தது அப்படித்தான். யார் வீட்டு ஜெனரேட்டரோ அன்று நிற்கவில்லை.

மதினி ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டார். "அப்ப நிக்கட்டும்."

கரண்ட் வந்த பிறகும் சுவிட்சைத் தொடவில்லை. "ஏறுன புள்ள இறங்கிட்டானான்னு பாத்துட்டு வாங்க."

தெருமுனை வரை போய்ப் பார்த்துவந்து, இறங்கிவிட்டான் என்றேன். அதன் பிறகே ஃபேனைப் போட்டார்.