விசாரணைக் குழு காத்திராத பதில்

அனுப்புநர்:
கல்வியியல் புல டீனின் கணவர்,
நகைச்சுவைத் துணுக்கு எழுத்தாளர்,
மாடி வீடு, ஆசிரியர் குடியிருப்பு,
பல்கலைக்கழக வளாகம்.

பெறுநர்:
மாண்புமிகு துணைவேந்தர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம்,
பல்கலைக்கழக வளாகம்.

பொருள்: பி.எட். இரண்டாமாண்டு மாணவர்கள் அனைவரையும் நீக்கிய ஆணையை நிறுத்திவைத்து, என் மனைவியின் வாக்குமூலத்தை மீண்டும் பதிவு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஆசிரியர்களுக்கே ஆசிரியையாகி, தங்கள் பல்கலைக்கழகத்தில் டீன் பதவி வரை வந்தவர். நான் அதே காலத்தில் துணுக்கு எழுத்தாளனாகச் சேர்ந்து இன்றும் துணுக்கு எழுத்தாளனாகவே இருப்பவன். எங்கள் வீட்டில் பதவி உயர்வு ஒருவருக்குத்தான் என்பது திருமணத்தின்போதே முடிவாகிவிட்டது.

2. பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலையில் பெரும்பகுதி. அங்கிருந்து அவர் கண்ட பெரிய நோய் ஒன்று உண்டு: ஆசிரியர் கேள்வி கேட்பார், மூச்சு விடுவதற்குள் பதிலையும் தானே சொல்லிவிடுவார். இதை ஒழிப்பதே என் மனைவியின் வாழ்நாள் வேலையாயிற்று. கேட்டுவிட்டு வாயை மூடு, பிள்ளை யோசிக்கட்டும் என்பதே அவர் போதனை. அவர் நடத்தும் மாதிரி வகுப்பில் இன்னும் கடுமை. கேள்வி கேட்டபின் அவர் தலையசைக்கும் வரை எவரும் கை தூக்கவோ வாய் திறக்கவோ கூடாது.

வீட்டிலும் இதே முறைதான். "ஏன் லேட்டு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். நான் இரண்டு பொய்யைச் சொல்லிப் பார்ப்பேன். அவர் அப்போதும் நிற்பார். உண்மை தானாக வெளியே வந்து விழும்.

3. சம்பவத்தன்று மாதிரி வகுப்பு. இரண்டாமாண்டு மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். "காலையில இங்க இருந்த நிழல் இப்ப எங்க போச்சு? ஏன்?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நின்றுவிட்டார். ஒரு கை மேசையில். இன்னொரு கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்திருக்கிறது. பிள்ளைகள் அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்த உதவிப் பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாருங்க, இப்படி நிக்க யாரால முடியும்" என்று மெதுவாகச் சொன்னதாகக் கேள்வி. மணி அடித்தது. அப்போதும் தலை அசையவில்லை. அவர் மேசையோடு சரிந்த பிறகுதான் அது பக்கவாதம் என்று அந்த அறைக்குத் தெரிந்தது.

4. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அதை மறைத்து மனு எழுத நான் வரவில்லை. கேன்டீனில், "டீனம்மா செத்துக்கிட்டு இருக்காங்க, இதுங்க நோட்ஸ் எடுத்துக்கிட்டு இருந்திருக்குதுங்க" என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவும் என் காதுக்கு வந்தது. வம்பு எதுவும் என்னைத் தாண்டிப் போகாது, அது என் தொழில். ஆனால் வகுப்புத் தலைவி, கைக்குழந்தையோடு படிக்க வந்த பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னதையும் தாங்கள் கேட்க வேண்டும். "சார், ரெண்டு தடவை எழுந்திருக்கப் பாத்தேன். போன வாரம்தான் நடுவுல வாயத் திறந்ததுக்கு மேடம் எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. அதான் உட்காந்துட்டேன்." எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான். அன்று அந்தப் பெண்ணின் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளை முகம் கழுவி வரச் சொன்னேன்.

5. மாணவர்களின் அலட்சியம்தான் காரணமா என்று பார்க்கத் தாங்கள் அமைத்த விசாரணைக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று பேர். மூவருமே கல்வியியல் பேராசிரியர்கள். அவர்களில் ஒருவர், மேலே சொன்ன அதே கடைசி பெஞ்சு உதவிப் பேராசிரியர். அவரைத் தண்டிக்க நான் கேட்கவில்லை. அவரும் என் மனைவியிடம் படித்தவர்தான், அந்த நேரத்தில் அவரும் ரசித்துக்கொண்டுதான் இருந்தார். எனினும் மாணவர்கள் நீக்கப்பட்டதும் அவர் நீதிபதியானதும் எந்தக் கணக்கில் என்று புரியவில்லை.

6. குழுத் தலைவர், "மேடம், பசங்க அலட்சியமா இருந்தாங்களா?" என்று கேட்டார். என் மனைவிக்கு இப்போது ஒரு சொல்லை வாய்க்குக் கொண்டுவருவது மாடிப்படியில் பீரோ ஏற்றுவது போல. அடுக்களையிலிருந்தே பார்த்தேன், உதடு கூடி வந்துகொண்டிருந்தது. அதற்குள் "இல்ல, மன உளைச்சல் ஏதாவது இருக்கா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் உதடு கூடியது. "சரி சரி, மேடத்தைச் சிரமப்படுத்த வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்கள். நான் காபியோடு வந்தபோது மூன்று நாற்காலிகளும் காலி. "பாதிக்கப்பட்டவர் குற்றச்சாட்டை மறுக்கவில்லை" என்று பதிவாயிற்று. நீக்க ஆணை முழுவதும் அந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கிறது.

7. கீழே கார் கிளம்பும்போது என் மனைவி பேசினார். "பசங்க... மேல... தப்பு... இல்ல." நான் காபித் தட்டோடு பால்கனிக்கு ஓடிக் கத்தினேன். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது. குழுத் தலைவர் நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தார். பிறகு குழுவினரிடம் தொலைபேசியில் சொன்னேன். கணவர் சொல்வதை மனைவியின் வாக்குமூலமாக ஏற்க விதியில்லை என்றார்கள். என் மனைவியிடம் ஆணையைப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் சாப்பிட மறுக்கிறார். கரண்டியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

8. ஆகவே ஐயா, அந்த ஆணையை உடனே நிறுத்திவையுங்கள். மாணவர்கள் இறுதிக் கற்பித்தல் தேர்வில் கலந்துகொள்ளட்டும். அவசரமில்லாத ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஒரே கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். அந்த நேரம் முழுதும் நான் அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

வருகிறவர் இந்த வாரமே வர வேண்டும். இன்னொரு முறை தாக்கினால் மிச்சமிருக்கும் சொற்களும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அப்படி ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாட்சியாக நான் ஒருவன்தான் மிஞ்சுவேன். நான் எதைச் சொன்னாலும் இந்த வளாகத்தில் எல்லோரும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள்.

தங்கள் ஆணையை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
டீனின் கணவர்

இடம்: ஆசிரியர் குடியிருப்பு
நாள்: மார்ச் 11