இரண்டு நீள விசில்

மார்ச் 3

அன்புள்ள படகுக்காரருக்கு,

கடற்கரையில் சிறுபடகுகள் கரையேறக் கூடாது என்ற தடையை மறுபடி பரிசீலிக்கப் போகிறார்கள். நகராட்சிச் செயலாளர் கையெழுத்திட்ட அறிவிப்பை இன்று காலை என் காவல் கோபுரத்துக்குக் கீழே உள்ள பலகையில் ஒட்டினார்கள். நானே படித்தேன், வதந்தி இல்லை. பன்னிரண்டாம் தேதி நகராட்சிக் கூடத்தில் கூட்டம். படகுக்காரர்கள், நீந்துபவர்கள், எங்களைப் போன்ற உயிர்காப்பாளர்கள் எல்லாரும் பேசலாம்.

அவர்கள் யோசனை இது. குளிக்கும் பகுதிக்குத் தெற்கே படகுகளுக்கென்று ஒரு தடம், இரண்டு பக்கமும் மிதவைக் கயிறு. காலை ஒன்பது வரை அதில் யாரும் நீந்தக் கூடாது. ஒன்பதுக்குப் பிறகு எந்தப் படகும் வரக் கூடாது.

நீங்கள் வந்து பேச வேண்டும். அலையில் படகு எப்படி வரும் என்று நான் சொன்னால், ‘புருஷனுக்காகப் பேசுகிறாள்’ என்பார்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை குத்தப்போவது தபால் அலுவலகத்து அக்காதான். நீந்திக்கொண்டிருந்தவரின் கெண்டைக்காலை உங்கள் படகின் இன்ஜின் இறக்கை கிழித்து, அதனால் தடை வந்ததே, அவர்தான். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். போன மாதம் தபால்தலை வாங்கப் போனபோது கேட்டார். “இன்னும் அங்கதான் இருக்காரா?” அந்தத் துறைமுகத்தில்தான் என்றேன். தபால்தலையைக் கிழித்துக் கொடுத்தார்.

என் தம்பி உங்களுக்கு உதவியாக இருக்கிறானா, இல்லை இன்ஜின் பெட்டியில் சாய்ந்து தூங்குகிறானா?

இப்படிக்கு,
கோபுரத்துக்காரி


மார்ச் 8

அன்புள்ள விசில்,

கடிதம் எழுது என்றால் அறிக்கை எழுதுகிறாய். காற்றின் திசையையும் அலையின் உயரத்தையும் மட்டும்தான் போடவில்லை. உன் தம்பி படித்துவிட்டு, “அக்கா நம்மளைத் தேடுறா மாமா” என்றான். “எந்த வரியிலடா?” என்றேன். “நான் தூங்குறனான்னு கேட்டிருக்கா பாருங்க.”

தூங்குகிறான்.

இந்தத் துறைமுகத்தில் எல்லாமே பெரிசு. ஐஸ் லாரி நிற்கிற மூலையில் என் படகைக் கட்டியிருக்கிறேன். பெரிய படகு ஒன்று கடந்து போனால் போதும், சுவரில் போய் உரசுகிறது. பழைய டயர்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். இங்கே மணல் கிடையாது. கயிற்றைக் கட்டிவிட்டு இரும்புப் படியில் ஏறினால் வேலை முடிந்தது. முழங்கால் ஈரமாகி எட்டு மாதம் ஆகிறது. சௌகரியம்தான். பிடிக்கவில்லை.

கூட்டத்துக்கு வரமாட்டேன். வந்து என்ன சொல்ல? அலையின் முதுகில் ஏறிவிட்டால் வேகத்தைக் குறைக்க முடியாது, குறைத்தால் பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். மூக்கு தூக்கியிருப்பதால் முன்னால் தண்ணீரில் யார் தலை இருக்கிறது என்றும் தெரியாது. இதைச் சொன்னால், “அப்போ தடை சரிதானே” என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

நாம் வைத்திருந்த வழி அவர்களுக்குத் தெரியாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று நான் துடுப்பை நிமிர்த்துவேன். நீ இரண்டு நீள விசில் ஊதி ஆட்களை விலக்கிவிட்டுக் கையைத் தூக்குவாய். பதினோரு வருஷம் யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை. தபால் அலுவலகத்து அம்மாவுக்கு அடிபட்ட அன்றைக்கும் நிமிர்த்தினேன். கோபுரத்தில் ஒரு கை உயர்ந்தது. உன் கை என்றுதான் வந்தேன். நீ அன்று விடுப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

யாரும் என்று யாரை எழுதியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
டயர்களுக்கு நடுவில் இருப்பவன்


மார்ச் 13

அன்புள்ள படகுக்காரருக்கு,

கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள்.

முதலில் கடற்கரை ஓட்டல் முதலாளி பேசினார். “படகு ஓரமா நிக்கட்டுமே. போட்டோ எடுக்க நல்லாத்தான் இருக்கும்.” நம் வலைக்காரர் எழுந்துவிட்டார். “உங்களுக்குப் படம் காட்டவா நான் கடலுக்குப் போறேன்? இதென்ன உங்க நீச்சல் குளமா?” நீச்சல் வாத்தியார் விடவில்லை. “எங்க பிள்ளைங்க காலு என்ன உங்க மீனா, நறுக்கிட்டுப் போறதுக்கு?” நகராட்சித் தலைவர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

பிறகு தபால் அலுவலகத்து அக்கா. உட்கார்ந்தபடியே பேசினார். “படகே வரக் கூடாதுன்னு நான் எப்பவும் சொல்லலை. எங்க வரும், எப்ப வரும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. துடுப்பையும் விசிலையும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “இது எந்த விதியிலம்மா இருக்கு?”

“விதியில இல்லீங்க. வீட்டுல இருக்கு.”

சிரித்தார்கள். “அப்போ அன்னிக்கு என்ன ஆச்சு?” என்றார்.

சொன்னேன். “முந்தின நாளே எங்களுக்குள்ள சண்டை. பேசிக்கலை. எனக்குப் பல் வலி, வைத்தியர்கிட்டப் போறேன், கோபுரத்துல இருக்க மாட்டேன்னு அவர்கிட்ட சொல்லலை. எனக்குப் பதிலா நின்ன பொண்ணுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. துடுப்பைத் தூக்கி வணக்கம் வைக்கிறார்னு நினைச்சு, அவளும் கையைத் தூக்கிட்டா.”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அக்கா எனக்காக நின்றிருந்தார். “என்ன சண்டை?” என்றார். சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் என்றேன். “அதுக்கா என் காலு?” என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளியபடியே நடந்தவர், திரும்பிப் பார்த்து, “திங்கக்கிழமை கடிதம் போட வருவீங்கல்ல, வாங்க” என்றார்.

சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. பாதி பழைய நிறம், பாதி வெறும் பூச்சு.

இப்படிக்கு,
கோபுரத்துக்காரி


மார்ச் 19

விசில்,

நம் வீட்டுச் சண்டையை ஊர்க்கூட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாய். படித்ததும் கோபம் வந்தது. கடிதத்தை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது துறைமுக வாயிலில் என்ன தோன்றியதோ, துடுப்பை நிமிர்த்திப் பிடித்தேன். சுவர் மேல் நூறு பேர் நின்றிருப்பார்கள். ஐஸ் தள்ளுகிறவர்கள், வலை மடிப்பவர்கள். யாரும் பார்க்கவில்லை. உன் தம்பிதான் கேட்டான், “யாருக்கு மாமா?” என்று.

தடம் வந்தாலும் யாரோ ஒருவர் கையைத் தூக்கியதை நம்பி என்னால் கரைக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. அந்த அம்மா முகத்தில் விழிக்க முடியுமா என்றும் தெரியவில்லை. கோபுரத்தில் நீ இருப்பாய் என்றால் ஒருவேளை. தெரிந்தால் எழுது.

சுவருக்கு உனக்குப் பிடித்த நிறத்தையே அடித்துக்கொள்.

நான்


மார்ச் 27

அன்புள்ள படகுக்காரருக்கு,

விதி நேற்று நிறைவேறியது. தலைவர் வாசித்ததைக் கூடத்தில் நின்று கேட்டேன். தடம் உண்டு, காலை ஒன்பது வரை. மூன்றாவது பிரிவு இப்படிப் போகிறது: “வரும் படகு அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று துடுப்பை நிமிர்த்த வேண்டும். காவல் கோபுரத்தில் இருப்பவர் இரண்டு நீள விசில் ஊதித் தடத்தைக் காலி செய்து, பச்சைக் கொடி உயர்த்த வேண்டும். கொடி உயரும் வரை படகு நகரக் கூடாது.” நமக்குள் இருந்ததை மைக்கில் படிக்கக் கேட்டபோது காது சுட்டது. இனி எந்தப் படகுக்காரரும் அதைச் செய்வார், எந்த உயிர்காப்பாளரும் பதில் சொல்வார். அப்படி இருப்பதுதான் நல்லது. ஆனாலும் கூடத்தை விட்டு வந்த பிறகு வெகு நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் நான்காவது பிரிவில் இருக்கிறது. உயிர்காப்பாளர் ஒருவரின் உறவினர் படகு வரும்போது அவர் கொடியைத் தொடக் கூடாது. என்னை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் வந்தால் கோபுரத்தில் அன்று எனக்குப் பதிலாக நின்ற அந்தப் பெண் இருப்பாள். ஒரு வாரமாக விசில் பழகுகிறாள், நன்றாக ஊதுகிறாள்.

நான் கீழே இருப்பேன். இத்தனை வருஷமும் உங்கள் படகு மண் தொட்டதை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஓரத்தைப் பிடித்து இழுத்ததில்லை. இந்தத் தடவை முழங்கால் தண்ணீரில் நிற்பேன். தம்பியைத் தூங்க விடாதீர்கள், மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். “வரட்டும். நான் கயித்துக்கு இந்தப் பக்கம் நீந்திக்கிட்டு இருப்பேன், பார்த்துக்கிட்டே” என்றார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

இன்னும் முடியாதவை இரண்டு. மிதவைகள் முப்பத்தொன்றாம் தேதி லாரியில் வரும் என்று பொறியாளர் சொல்கிறார். கட்டிவிட்டால் ஏப்ரல் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தடம் திறக்கும். இன்னொன்று உங்கள் பதில். உங்கள் ஊர்த் தபால் வெள்ளிக்கிழமை மதியம் வந்துவிடும் என்று அக்கா சொன்னார். வந்ததும் தானே கடற்கரைக்குக் கொண்டுவந்து தருகிறாராம். வராவிட்டாலும் திங்கட்கிழமை நான் விடுப்பு. இந்தத் தடவை உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மணலில் நிற்கப்போகிறவள்