செங்குட்டுவன் பெயரில் ஒரு வழக்கு

திருவொற்றியூர்,
20.8.2003

அன்புள்ள மகிழினிக்கு,

பரசுராமன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயோ இல்லையோ என்று உன் வேம்பு அக்கா தினமும் புலம்புகிறாள்.

தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. வேம்பு குடத்தோடு போய்ச் சண்டை போட்டு, தொண்டை கட்டிப்போய் வீடு வந்து சேருகிறாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதால் நான் ஹார்பருக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லவா கனடாவுக்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். இல்லைம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீ என் தம்பி குட்டுவனிடம் பேசி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. உன்னிடம் வருவதற்கான விசாவுக்கு அவன் போலீஸ் சான்றிதழ் கேட்டபோதுதான் அந்தப் பழைய வழக்கு வெளியே வந்தது. 1994-ல் காசிமேட்டில் ஒரு லாரி டிரைவரின் மண்டையை உடைத்த வழக்கு. பதினைந்து நாள் ஜெயில், அப்புறம் அபராதம். பெயர் செங்குட்டுவன் என்று இருக்கிறது. அப்பா பெயரும் நம் வீட்டு விலாசமும்கூடச் சரியாக இருக்கின்றன. நான்தான் அடித்தேன், சின்ன வயசுக் கோபம் என்று அவன் உன்னிடம் போனில் சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் ஏன் மறைத்தாய் என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய ஆள் அவன் இல்லை.

அடித்தது நான்.

அப்போது நான் ஐஸ் ஏற்றும் வேலையில் இருந்தேன். அந்த டிரைவர் பார்க்காமல் லாரியைப் பின்னால் எடுத்தான். கத்தினேன். அவன் எங்கள் அம்மாவை இழுத்துத் திட்டினான். கையில் ஐஸ் கட்டி இழுக்கிற கொக்கி இருந்தது, வீசிவிட்டேன். ஸ்டேஷனில் ஏட்டு பெயர் கேட்டார். அந்த வாரம்தான் ஹார்பர் வேலைக்கு இண்டர்வியூ கார்டு வந்திருந்தது. கேஸ் என்றால் சர்க்கார் வேலை அவ்வளவுதான். வாயில் தம்பி பெயர் வந்தது. பாலிடெக்னிக் படிக்கிற பையனுக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, அவன் பெயரில் கையெழுத்தும் போட்டேன். ஜெயிலில் இருந்த அந்தப் பதினைந்து நாளும் விசாகப்பட்டினத்துக்கு லோடு வேலைக்குப் போயிருந்ததாக வீட்டில் சொன்னேன். ஒன்பது வருஷமாக அந்த ஹார்பர் வேலையில்தான் சோறு தின்கிறேன். உங்கள் நிச்சயதார்த்தத்தில், "எங்க வூட்டுப் பையன் மேல ஒரு சொல்லு கெடையாது சார்" என்று உன் அப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மகானும் நான்தான்.

இப்போது சான்றிதழுக்காக ஸ்டேஷனுக்குப் போய்வந்த அன்றே, "இன்னாண்ணா, என் பேர்ல கேஸ் கீதுன்றாங்க" என்று குட்டுவன் கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையைப் பிடிப்பான் என்று பார்த்தேன். "உன் வேலை பூடும்ண்ணா, கம்னு இரு. மகிழுகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். அவன் கூடத்தில் உன்னிடம் பேசும்போது நான் சமையற்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. எழுந்துபோய் போனை வாங்கியிருக்கலாம். தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். அந்த டிரைவரை அடித்ததைவிட இதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

இப்போது போன் அடித்தால் அவன் முதல் மணிக்கே ஓடுகிறான். ராங் நம்பர் என்றாலும் ரிசீவரை வைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் நிற்கிறான். கட்டினவளிடமும் இனி மறைக்கக் கூடாது என்று போன வாரம் வேம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தம்பி பேர வித்துத்தான் எனக்கு இத்தினி நாளா சோறு போட்டியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அவள் புலம்புவதுகூடச் சுவரைப் பார்த்துத்தான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பத்திரம் இருக்கிறது. நடந்ததை நான் சொல்லச் சொல்ல வக்கீல் தேவப்பிரியம் எழுதியது. என் கையெழுத்தும் கைரேகையும் இருக்கின்றன. ஜெயிலில் எடுத்த ரேகை கிடைத்தால் ஒத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். வருகிற திங்கட்கிழமை அவரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். வேலை போகும், புதிதாக ஒரு வழக்கும் வரலாம் என்று சொல்லிவிட்டார். போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். குட்டுவனும் போகாதே என்று காலைப் பிடிப்பான். அதனால்தான் அவனுக்குச் சொல்லாமல் இதை இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன். உன் கைக்கு வந்தபிறகு என்னால் திரும்ப வாங்க முடியாது. நான் பின்வாங்கினால் நீயே இதை விசா ஆபீசில் கொடுத்துவிடு. மாமா ஆயிற்றே என்று பாவம் பார்க்காதே.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு போன் மட்டும் போடும்மா. அவன் உன்னிடம் சொன்னது பொய்தான், ஆனால் அவனுக்காகச் சொன்ன பொய் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் பிள்ளை குட்டிகளோடு நெடுநாள் வாழ வேண்டும். அவன் விமானம் ஏறும்போது வழியனுப்ப நான் வெளியில் இருப்பேனோ உள்ளே இருப்பேனோ தெரியாது. எங்கே இருந்தாலும் சரி, அவன் உன் வீட்டு வாசலுக்கு வரும்போது அவன் பெயர் அவனுடையதாக மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவன் அண்ணன்
பரசுராமன்