கோழிக்கு மாறாத நேரம்

பிப்ரவரி 3, 2025

இன்றைக்குச் சின்னாயியின் வலது கைப் பெருவிரல் அசைந்தது. ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ரஞ்சிதா, தினமும் நடப்பதைக் குறித்து வையுங்கள் என்றது. எனக்கு எழுத்துத் தெரியாதே என்றேன். போனில் மைக்கை அமுக்கித் தேதியைச் சொல்லிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டிக் கொடுத்தது.

எழுத்துத்தான் தெரியாது. தேதி எனக்கு மறக்காது. என் சம்சாரம் சின்னாயி விழுந்தது போன ஐப்பசி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம், ஒரு பக்கம் முழுசும் போய்விட்டது. ஆறு மாசத்துக்குள் வராத கை அப்புறம் வருவது கஷ்டமாம். திங்கள், புதன், வெள்ளி, மத்தியானம் மூணு மணி. விடவே கூடாதாம்.

சித்திரை வரைக்கும்தான்.

பிப்ரவரி 7

நான் வேலை பார்க்கிற கோழிப்பண்ணைக்குப் புது மேனேஜர், சிவபிரகாஷ். படித்த தம்பி, மரியாதையாகத்தான் பேசுகிறது. எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, இனிமேல் ஒருவருக்கு ஒரே ஷிப்ட் கிடையாது, முந்தின நாள் அந்தியில் போனுக்கு மெசேஜ் வரும் என்றது. வயசானவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடாம். நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாமாம். வசதி என்றதும் நான்தான் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தேன். ஆஸ்பத்திரி நாளில் மத்தியானம் வேலை இல்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இருபத்தோரு வருசமாக என் வேலை விடிகாலை. நாலரைக்கு ஷெட்டில் விளக்கைப் போடணும். ராத்திரி எட்டரைக்கு வேறு ஆள் அணைக்கும். அந்தப் பதினாறு மணி நேர வெளிச்சம் இருந்தால்தான் கோழி முட்டை வைக்கும். பன்னெண்டுக்கு நான் ஊட்டுக்கு வந்து, அவளுக்குச் சோறூட்டி, ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

பிப்ரவரி 10

மெசேஜைப் பக்கத்து ஊட்டு மாரக்காள் படித்துச் சொன்னது. மத்தியான ஷிப்ட். ஒரு மணியிலிருந்து ஒன்பது வரை.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 12

நேற்று விடிகாலை ஷிப்ட், இன்றைக்கு மறுபடி மத்தியானம். இன்றும் போகவில்லை.

பிப்ரவரி 14

பாவாயியோடு மாற்றிக்கொள்ளலாம் என்று போனேன். முட்டை எடுக்கிற பாவாயி. முன்னெல்லாம் இப்படித்தான், உனக்கு நான், எனக்கு நீ. 2016 பங்குனியில் அது மகள் பிரசவத்துக்குப் பதினொரு நாள் நான் நின்றிருக்கிறேன். இப்போது வாசலில் மிசின் முகத்தைப் பார்த்துத்தான் வந்ததும் போனதும் பதிகிறது. "என் மூஞ்சிய உங்களுக்குக் கழட்டிக் குடுக்கவாண்ணா" என்று சிரித்தது. சிரித்துவிட்டு அதுவே அழுதது.

சிவபிரகாஷ் தம்பியிடம் கேட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டதுதானே, உங்களுக்கு மட்டும் எப்படி மாற்றுவது என்கிறது. வடக்கே போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்கு இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை.

பிப்ரவரி 18

எப்படிச் சொல்றது. பகலில் மாரக்காள் பார்த்துக்கொள்ளும். அந்தியில் அதுக்கு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போகணும். நான் வர ஒன்பதரை. வந்து பார்த்தால் சின்னாயி கட்டிலுக்குக் கீழே. எந்நேரம் விழுந்தாளோ. தண்ணிக்கு எட்டியிருக்கிறாள். சொம்பு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். சேலை நனைஞ்சு கெடந்துச்சு. கூப்புட்டேனுங்க, யாரும் வல்லீங்க என்றாள். அதையும் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தா தேவலாம்.

நான் என்ன பண்ணட்டும்? யாருகிட்டப் போய் நிக்கட்டும்?

பிப்ரவரி 19

இருட்டினதும் ஆறரைக்கே ஷெட் விளக்கை அணைத்துவிட்டு ஊட்டுக்கு வந்துவிட்டேன். விளக்கு எரிகிற வரை கோழி முழித்திருக்கும், பார்த்துக்கொள்ள ஆள் நிற்கணும். அணைத்தால் தூங்கும், அவ்வளவுதானே. அவளைத் திருப்பிப் போட்டு, கஞ்சி கொடுத்து, ஒன்பதுக்கு மிசினில் முகம் காட்டத் திரும்ப ஓடினேன்.

தப்பு என்று தெரியும்.

பிப்ரவரி 20

இன்றைக்கும்.

பிப்ரவரி 22

இன்றைக்கும். கஞ்சி குடிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 26

முட்டை குறைந்துவிட்டது. நான் பார்க்கிற மூணாவது ஷெட்டில் மட்டும். தீவனத்தைப் பார்த்தார்கள், தண்ணியைப் பார்த்தார்கள், டாக்டர் வந்து போனார். தீவனம் போடுகிற பையனை ஏசுவது காதில் விழுந்தது. நானே போய், விளக்கை நான்தான் முன்னாடி அணைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது இன்றைக்குத்தான். "கோழி உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதுங்க அய்யா. அரை மணி மாறுனாலும் தாங்காது. இத்தன வருசம் இருந்தும் தெரியாதா?"

தெரியும். 2008 ஆடியில் மூணு நாள் கரண்ட் இல்லாதபோது, முதலாளி ஜெனரேட்டர் கொண்டாந்து அதே நாலரைக்கு விளக்குப் போட வைத்தார். போட்டது நான்.

"தெரியுங்க சாமி. அதுக்கு மாத்தக் கூடாது. எனக்கு மட்டும் வாரத்துக்கு மூணு தரம் மாத்தறீங்களே."

முட்டை அட்டையோடு நின்ற பாவாயி, "அண்ணனுக்கும் ஒரு கூண்டு போட்டுக் குடுத்துருங்க சார், நேரம் மாறாது" என்றது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

மார்ச் 1

ஷெட்டுக்கு ஒரு பெட்டி மாட்டினார்கள். டைமர். நாலரைக்கு அதுவே போடும், எட்டரைக்கு அதுவே அணைக்கும். அதுக்கு ஊட்டில் யாரும் இல்லை.

நீங்கள் இனி அலைய வேண்டாம் அய்யா, வேலை இருந்தால் மெசேஜ் வரும் என்று தம்பி சொன்னது. கும்பிட்டுவிட்டு வந்தேன். சின்னாயியிடம் சொல்லவில்லை.

மார்ச் 3

மெசேஜ் இல்லை. மாரக்காளை மூணு தரம் பார்க்கச் சொன்னேன்.

மார்ச் 5

மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். விரல் மறுபடி விறைத்துவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்றது ரஞ்சிதா. அதன் கையில் வெறும் டம்ளர். சின்னாயி கையில் வைக்கும், விழும். எடுத்து வைக்கும், விழும்.

நடுவில் சின்னாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, வேலைக்கு நேரமாகலீங்களா?"

இல்ல, நேரம் கெடக்குது என்றேன். கீழே குனிந்து டம்ளரை எடுத்துக் கொடுத்தேன்.