உள்ளே விழுந்த மூடிகள்

1963 ஜூன் 4

லாரியில் வந்து இறங்கியது மண்ணா, கரியா? வெள்ளை ஜாடி செய்ய இப்படிக் கறுப்பு மண்ணை வரவழைத்திருக்கிறான் என் தம்பி மரியசெல்வம். ஊறுகாய் வியாபாரி மீரானுக்கு நாற்பது ஜாடி. நான் என் துணிக்கடையை விற்றுக் கட்டிய சூளை. முதல் வேக்காடே கெட்டால் இதையும் விற்க வேண்டியதுதான்.

“இது பந்துக் களிமண்ணு, அக்கா. வெள்ளை மண்ணு தனியா வனைய வராது, விண்டு போகும். இதக் கொஞ்சம் சேத்தாத்தான் பிடிச்சு நிக்கும். கறுப்பெல்லாம் தீயில போயிரும்” என்றான்.

போகுமா?

ஜூன் 9

சோதனைக்குச் சுட்ட கறுப்பு மண் வில்லையை எடுத்துத் தந்தான். வடித்த சோறு மாதிரி வெள்ளை! புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இன்னும் நம்ப முடியவில்லை.

ஜூன் 14

ஜாடிகள் முடிந்தன. மூடிகளை அச்சில் அழுத்தினால் விளிம்பு உடைகிறது. தம்பி நிலக்கோட்டையில், மாமியார் வீட்டில். மண் பிசையும் முத்துப்பேச்சியிடம், “கறுப்பு மண்ணக் கூடுதலாப் போடு” என்றேன்.

“அண்ணன் திட்டும்க்கா.”

“மொதலாளி அவனா, நானா?”

அவள் எண்ணாமல் கூடை கூடையாகக் கொட்டினாள். வெண்ணெய் மாதிரி வந்தது. இதற்கு ஒரு நிபுணன் வேண்டுமா?

ஜூன் 25

சூளை பிரித்தோம். நாற்பது ஜாடியும் கிண்ணென்று இருக்கின்றன. மூடி உள்ளே விழுகிறது. எல்லா மூடியும்.

ஜூன் 26

“கறுப்பு மண்ணு தண்ணிய அம்புட்டுக் குடிக்கும். காயயில, வேகயில அம்புட்டும் சுருங்கும். அதான் அளவாப் போடுறது. கேக்க மாட்டியாக்கா?” என்றான் தம்பி. நாளை மீரான் வருகிறார். அய்யோ, என்ன சொல்லுவேன்?

ஜூன் 27

மீரான் ஒரு மூடியை வைத்தார். டொக். உள்ளே போய்விட்டது.

“என்னக்கா, ஜாடிக்குத் தொப்பி கேட்டா நாக்கு குடுத்திருக்கீக?”

மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். “பிசகு என்னுதுதான்” என்றேன்.

குமிழைப் பிடித்து எடுத்தார். மறுபடி போட்டார். டொக்.

“ஊறுகாயில எலுமிச்சங்கா மெதக்கும். மெதந்தா பூசணம். இப்பத் துணியில கல்லக் கட்டி அமுக்குறேன். இனிமே இந்த மூடியே அமுக்கும்லக்கா? இதுவும் இருக்கட்டும். மேல்மூடி எப்பத் தருவீக?”

உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 20

மேல்மூடிகள் கொடுத்தாயிற்று. மீரான் தன் பழைய ஜாடிகளுக்கும் அறுபது உள்மூடி கேட்டிருக்கிறார்.

“புது அச்சு வேணாம்க்கா. அன்னைக்கு மாதிரியே கறுப்பு மண்ணச் சேத்தா சரியாச் சுருங்கிரும். எத்தனை கூடை போட்டே?” என்றான் தம்பி.

முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.